சக்கரம் பூட்டிய வீடு

மார்கழி மாதத்திலே மலைநாட்டுக்குப் பயணம் போகின்றோம் என்று கூறினால், கேட்பவர் எம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பர். "மழையைப் பார்க்கவா போகிறீர்கள்?" என்றும் வினவுவர். அவர்கள் கூறுவது பொய்யன்று. ஊவா மாகாணம் மத்திய மலைத்தொகுதியின் கிழக்குச் சரிவிலே கிடக்கின்றது. வைகாசியிலே தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் நீரையெல்லாம் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையைக் கடந்து ஊவாவுக்கு வருகின்றது. அந்த வறண்ட கச்சான் காற்றிலே வளரும் கொழுந்துக்குத்தான் ஊவாத் தேயிலையின் பேர்போன மணம் வாய்க்கின்றது. ஆடி ஆவணித் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனி மதிப்பு உண்டு. ஆனால், ஐப்பசி பிறந்து வாடைக்காற்றுத் திரும்பியதும் நிலைமை மாறிவிடும். வங்கக் கடலின் நீரைச் சுமந்து வரும் மேகத்துக்கு எதிர்ப்படும் முதல் மலைச்சுவர் ஊவாவினுடையது. பொங்கல் வரையில் அங்கே மழைதான்.

ஆண்டுதோறும் கரும்பலகையில் அம்புக்குறி இட்டு இதனையே மாணவர்க்குக் கற்பித்து வரும் நாம், மழைக்காலத்தையே தேர்ந்து புறப்பட்டதற்குக் காரணம் மிக எளிது. பள்ளிக்கூட விடுமுறை அப்பொழுதுதான் கிடைக்கின்றது. பருவக்காற்றும் கல்வித் திணைக்களமும் ஒன்றை ஒன்று கேட்டு நடப்பதில்லையே! ஆகவே 2023ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியிலே, மட்டக்களப்பிலிருந்து பதுளையை நோக்கி நாம் எழுவர் புறப்பட்டோம். நாமும் எம் மனைவியும், பிள்ளைகள் இருவரும், எழுபத்திரண்டு வயதான எம் அன்னையாரும், ஜேர்மனியிலிருந்து வந்திருந்த மைத்துனரும் அவருடைய மகளும் அந்த எழுவர்.

வண்டியே வீடாக

விடுதியிலே தங்காமல் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே உறங்கிச் செல்லும் எண்ணம் மைத்துனருடையது. அவர் வாழும் நாட்டிலே இது பெருவழக்கு. வீட்டுக்குரிய கட்டில், அடுப்பு, நீர்த்தொட்டி யாவும் பொருத்திய மோட்டார் வண்டியிலே குடும்பம் குடும்பமாக றைன் நதிக் கரையிலும் கறுப்பு வனத்திலும் அல்ப்ஸ் மலையடிவாரத்திலும் விடுமுறையைக் கழிப்பார்களாம். இன்ப உலாவுக்கென்றே வீட்டு வண்டி செய்து ஊர் சுற்றியவர்களுள் முன்னோடி, ஆங்கிலேயக் கடற்படை வைத்தியராயிருந்த கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர். 1885ஆம் ஆண்டிலே அவர் 'வாண்டரர்' என்னும் பெயரிட்ட குதிரை வண்டியிலே பிரித்தானியாவைச் சுற்றினார். பின்னர், வொக்ஸ்வாகன் நிறுவனம் 1950இல் வெளியிட்ட சிறிய வான் வண்டிக்கு, அடுத்த ஆண்டிலேயே வெஸ்ற்பாலியா என்ற நிறுவனத்தார் படுக்கையும் அலுமாரியும் பொருத்திக் கொடுத்தனர். நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது எட்டும் பொருளாயிற்று.

எம்மவர்க்கும் இது முற்றிலும் புதியதன்று. கூடார வண்டி கட்டி, அரிசியும் பருப்பும் பானையும் ஏற்றி, கதிர்காமத்துக்குச் சென்ற காலத்தை எம் பாட்டன்மார் அறிவர். மரநிழலிலே மாட்டை அவிழ்த்து, மூன்று கல் வைத்துச் சமைத்து, வண்டிக்குக் கீழே உறங்கியவர்களுக்கு ஜேர்மனிக்காரரின் வண்டி வியப்பூட்டியிராது.

கொழும்பிலே வாடகைக்குக் கிடைத்த எமது வண்டியில் இரண்டு ஆசனங்கள் இரவிலே கட்டிலாகும்; ஒரு வாயு அடுப்பும், மடக்கு மேசையும், பக்கவாட்டிலே இழுத்துக் கட்டும் படங்கும் இருந்தன. கழிப்பறை மட்டும் இல்லை. அதற்குக் கோயில்களையும் எரிபொருள் நிலையங்களையும் நம்பினோம். பெண்களும் பிள்ளைகளும் உள்ளே. ஆண்கள் இருவரும் படங்கின் கீழே மடக்குக் கட்டிலில் என்பது ஏற்பாடு.

பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மாலையிலே, அதுவரை வாய் திறவாதிருந்த அம்மா ஒன்று மட்டும் கேட்டார்: "பசறப் பக்கம் போவீங்களா?"

அந்த ஒரு கேள்வியின் பின்னே அரை நூற்றாண்டு இருந்தது. அம்மா பிறந்தது பசறைக்கு அப்பால் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலே. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்ரோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியோர் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974இல் தீர்க்கப்பட்டது. அந்தக் கணக்கிலே அம்மாவின் அக்கா ஒருபுறமும் அம்மா மறுபுறமும் விழுந்தனர். பெரியம்மா 1974இல் பதுளை நிலையத்திலே புகையிரதம் ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் போனார். அந்த வண்டியைத் தோட்டத்து மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றே சொல்வார்களாம். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அம்மாவும் தோட்டத்தை விட்டு மட்டக்களப்புக்கு வந்தார். அதன்பின் போர். செங்கலடியிலிருந்து மலைக்குச் செல்லும் வழி நெடுங்காலம் மூடிக் கிடந்தது. அவர்களுடைய தந்தையார் மட்டும் 1969 முதல் அந்தத் தோட்டத்து மண்ணிலேயே துயில்கின்றார்.

பெரியம்மா இப்போது நீலகிரியிலே கோத்தகிரிக்கு அண்மையில் வாழ்கின்றார். தாயகம் திரும்பியோருக்கென 1968 முதல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அங்கேயும் அவர் கொழுந்துதான் பறித்தார். கைத்தொலைபேசி வந்த நாள் முதல் தங்கையிடம் அவர் கேட்டு வந்தது ஒன்றே: "அப்பா இருக்கிற எடத்த ஒருதடவ பாத்துட்டுச் சொல்லேன்."

மழையோடு மலையேற்றம்

செங்கலடி, மகாஓயா, பிபிலை வரை தூறலாயிருந்த மழை, லுணுகலை ஏற்றத்திலே பெருமழையாயிற்று. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பாதாளம். 2021 மார்ச்சு மாதத்திலே பயணிகள் பஸ் ஒன்று உருண்டு பலர் மாண்டது இந்த வீதியிலேதான். மைத்துனர் அந்நிய நாட்டு நெடுஞ்சாலைகளிலே பறந்து பழகியவர். இங்கோ நடைவேகத்திலே வந்தார். எதிரே வந்த லொறிச் சாரதிகள் விளக்கை அணைத்து ஏற்றி வழிவிட்டார்கள். மலைவீதியின் நாகரிகம் அது.

பசறையை அடைந்ததும் முதற் செய்தி: அம்மாவின் தோட்டத்துக்குச் செல்லும் வழியிலே மண் விழுந்து கிடக்கின்றது, துப்புரவாக்க நான்கைந்து நாளாகும். அம்மா எதுவும் கூறவில்லை. கண்ணாடியிலே வழிந்த நீரைச் சேலைத் தலைப்பால் துடைத்து, நமுனுகுலை இருக்கும் திக்கைப் பார்த்தார். 2,036 மீற்றர் உயரமான அந்த மலை மேகத்துக்குள் மறைந்திருந்தது. திரும்பும் வழியிலே பார்ப்போம் என்று தீர்மானித்தோம்.

அன்றிரவு ஒரு கோயில் வளவிலே தங்கினோம். நள்ளிரவிலே வண்டியின் கூரை இணைப்பு ஒழுகத் தொடங்கியது. அம்மா எழுந்து, ஒழுக்கின் கீழே சோற்றுச் சட்டியை வைத்தார். சட்டிக்குள் ஒரு துணியையும் இட்டார். "துணி போட்டாத்தான் சத்தம் கேக்காது. புள்ளைக தூங்கும்" என்றார். லயத்துக் காம்பராவிலே கற்ற வித்தை அது. வெளியே படங்கின் கீழிருந்த எங்கள் இருவர் நிலையைப் பற்றி எழுதாது விடுவதே நலம். விடியும்போது மைத்துனரின் சப்பாத்து ஒன்று வாய்க்காலிலே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் பதுளை. நகரம் நாற்புறமும் மலை சூழ்ந்த ஒரு கிண்ணம். அதன் அடியிலே பதுளை ஓயா. முத்தியங்கனை விகாரையின் வெண்தாதுகோபம் மழையிலே கழுவி வைத்ததுபோல் நின்றது. நகரிலிருந்து சில மைல் தொலைவிலே அந்த ஓயா துன்ஹிந்த நீர்வீழ்ச்சியாக 64 மீற்றர் கீழே பாய்கின்றது. நாங்கள் கண்ட நாளிலே அது வெண்ணிறமாய் இருக்கவில்லை. செம்மண் கலந்து, கொதிக்கும் தேநீரைப் போல் வீழ்ந்தது. அந்த நிறத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டி, "அது நீரின் நிறமன்று, மேலே எங்கோ ஒரு தோட்டத்தின் மேல்மண் இறங்கி வருகின்றது" என்றோம். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் செல்லும். மானாப்புல்லோ மூடுபயிரோ இல்லாத சரிவிலே ஒரு மழைக்கே அது போய்விடும்.

பதுளைப் புகையிரத நிலையம் மலைநாட்டுப் பாதையின் முடிவிடம். 1894இல் பண்டாரவளை வரை வந்த பாதை பதுளையை அடைய 1924 ஆயிற்று. இடையிலுள்ள மலை அவ்வளவு கடினம். தெமோதரையிலே உயரத்தைச் சமாளிக்க வழியின்றிப் பாதையை ஒரு முழு வட்டமாகச் சுற்றி, நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் குடைந்து கொண்டு சென்றிருக்கின்றனர். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே உள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிவுற்றது. நீளம் 91 மீற்றர், உயரம் 24 மீற்றர். வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் குடையோடு நின்று படம் பிடித்தனர். அம்மா பாலத்தைப் பார்த்தபடி, "அக்கா போன கோச்சி இது மேலதான் போயிருக்கும்" என்றார். அதற்குமேல் அந்தப் பாலத்தை நாங்களும் உல்லாசப் பயணிகளின் கண்ணாலே பார்க்க இயலவில்லை.

மூன்றாம் நாள் அப்புத்தளையிலே பனி. தோமஸ் லிப்டன் 1890இல் அமைத்த தம்பேத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலையைக் கண்டோம். அவர் அமர்ந்து நாட்டைப் பார்த்ததாகச் சொல்லும் சிகரத்திலே எமக்கு வெண்பனியன்றி வேறொன்றும் தெரியவில்லை. சிகரத்திலிருந்து இறங்கும் வழியில், சாக்குத் துணியும் பொலித்தீனும் போர்த்து, கூடையோடு நிரை பிடித்து நின்ற பெண்களை மட்டும் தெளிவாகக் கண்டோம். அன்றைய நாட்சம்பளம் 1,000 ரூபா. ஜேர்மனியிலே பிறந்த மருமகள் தன் மனத்திலே யூரோவாக மாற்றிப் பார்த்துவிட்டு, நெடுநேரம் பேசாதிருந்தாள்.

மீரியபெத்தையிலே

நான்காம் நாள் பேரகலையால் இறங்கிக் கொஸ்லந்தைக்குச் சென்றோம். மாணவர்க்குக் கற்பிக்கும் இடம் ஒன்றை நேரிலே காணவேண்டும் என்பது எமது விருப்பம். 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் காலையிலே, மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களின்மேல் மலை சரிந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றாரும் இல்லை. அவ்விடம் குடியிருக்கத் தக்கதன்று என 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருந்தது. அறிவிப்பு இருந்தது, போவதற்கு வேறு வீடு இருக்கவில்லை.

பச்சைப் புதர் மூடிய அந்தச் சரிவை நோக்கி நின்றபோது, மைத்துனர் தம் நாட்டுச் செய்தி ஒன்றைக் கூறினார். 2021 யூலை 14ஆம் நாள் இரவு, ஜேர்மனியிலே ஆர் என்னும் சிற்றாறு பெருகிப் பள்ளத்தாக்கையே வாரிக்கொண்டு போயிற்று. அந்தப் பெருவெள்ளத்திலே ஜேர்மனியில் மட்டும் 180 பேருக்கு மேல் மாண்டனர். ஆற்றங்கரையிலே விடுமுறைக்கு நிறுத்தியிருந்த வீட்டு வண்டிகள் தீப்பெட்டிகளைப் போல் மிதந்து சென்றன. மழை பெரிதாகும் என்று வானிலை ஆய்வாளர் நாட்கணக்கிலே முன்கூட்டி எச்சரித்திருந்தனர். "எச்சரிக்கை எல்லோர் கைத்தொலைபேசிக்கும் போகவில்லை. போனவர்களுக்கும், எங்கள் வீதிக்கு எத்தனை அடி தண்ணீர் வரும் என்று விளங்கவில்லை" என்றார் அவர். செல்வ நாட்டுக்கும் வறிய தோட்டத்துக்கும் இந்த ஒன்றிலே அதிக வேறுபாடில்லை என்று அப்போது தோன்றியது. வேறுபாடு வேறோர் இடத்திலே இருக்கின்றது என்பதை மறுநாள் கண்டோம்.

லயத்து வாசலில்

ஐந்தாம் நாள் பசறைக்குத் திரும்பியபோது வழி திறந்திருந்தது. தோட்டத்துத் தொழிலாளரே மண்வெட்டியால் மண்ணை அள்ளி ஒதுக்கியிருந்தனர். தேயிலைத் தொழிற்சாலையை அங்குள்ளோர் 'ஸ்டோர்' என்பர். வண்டி அதுவரை சென்றது. அங்கிருந்து லயத்துக்கு அரை மைல் ஒற்றையடிப் பாதை. அம்மா பேரனின் தோளைப் பற்றி நடந்தார். வழி கேட்கவில்லை. பீலிக்கரையைக் கண்டதும் ஒருகணம் நின்று, நீரைக் கையிலேந்தி முகத்தைக் கழுவினார்.

முதுகோடு முதுகாக அமைந்த இரட்டை லயம். ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, அதன் ஓரத்திலே அடுப்பு; ஒரு குடும்பத்துக்கு அவ்வளவே. கூரைத் தகரத்தின்மேல் காற்றுக்கு அஞ்சிக் கற்களை ஏற்றியிருந்தனர். முதிய பெண்மணி ஒருவர் அம்மாவை உற்றுப் பார்த்து, "தையக்கார வீட்டுச் சின்னவதானே நீ?" என்றார். பிறகு இருவரும் பேசியதை எழுதுவது எளிதன்று. யார் யார் எங்கே போயினர், எவர் இருக்கின்றார், எவர் இல்லை என்னும் கணக்கு அது. சாயத்தண்ணீரும் சூடான ரொட்டியும் வந்தன.

மாடசாமி கோயிலுக்குப் பின்னாலுள்ள மயானத்தை மானாப்புல் மூடியிருந்தது. கோயிற் கல்லிலிருந்து அம்மா அடியெண்ணி நடந்தார். ஒரு கல்லருகே நின்றார். பெயரோ எழுத்தோ அதில் இல்லை. அந்த மேட்டிலே மட்டும் தொலைபேசி அலை கிடைத்தது. கோத்தகிரியிலே பெரியம்மாவின் முகம் திரையிலே தோன்றியது.

"அக்கா, அப்பா இங்கதான் இருக்காரு. மழ பேயுது."

"இங்கயும் மழதான்" என்றார் பெரியம்மா.

கோத்தகிரி நீலகிரியின் கிழக்குச் சரிவிலே உள்ளது. ஊவாவை நனைக்கும் அதே வாடைக்காற்றுத்தான் அதனையும் நனைக்கின்றது. ஒப்பந்தம் பிரித்த இரு சகோதரிகளையும் அந்த மழை ஒரே வேளையில் நனைத்துக்கொண்டிருந்தது. புவியியல் ஆசிரியரான எமக்கு இருபது ஆண்டுகளாய்த் தெரிந்த செய்தி. அன்றுதான் அதன் பொருள் தெரிந்தது. பெரியம்மா அதிகம் அழவில்லை. "கல்லு மேல புல்லு ஏறாமப் பாத்துக்கச் சொல்லு" என்றார். அருகில் நின்ற இளைஞர் ஒருவர் தலையசைத்தார்.

அன்றைய இரவு

மாலை நான்கு மணிக்கு லயத்திலே பரபரப்புத் தோன்றியது. தோட்டத் தலைவரின் மகள், சாதாரண தரம் படிக்கும் மாணவி, முற்றத்துக் கம்பத்திலே கட்டியிருந்த மழைமானியைப் பார்த்துக் குறிப்பேட்டிலே எழுதினாள்: இருபத்துநான்கு மணி நேரத்திலே 118 மில்லிமீற்றர். 75 கடந்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 கடந்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 கடந்தால் அங்கே இருத்தல் ஆகாது. இந்த அளவுகளை நாம் வகுப்பிலே எழுதிப் போடுவதுண்டு. அந்தச் சிறுமிக்கோ, அன்றிரவு தம்பியை எங்கே படுக்கவைப்பது என்பதைத் தீர்மானிக்கும் எண் அது.

லயத்தின் பின்புறத்து மண்ணிலே ஒரு வெடிப்பு இருந்தது. சென்ற கிழமை ஒரு விரல் நுழைந்தது, இப்போது கை நுழைகின்றது என்றனர். கடைசிக் காம்பராவின் கதவு இரண்டு நாளாக இறுகிக்கொண்டதாம். தெளிவாய் ஓடும் பீலி நீர் மதியத்திலிருந்து கலங்கி வந்தது. இவை மூன்றும் மண் நகர்வதன் அறிகுறிகள். இருட்டும் முன்னே எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போவது என்று தலைவர் முடிவு சொன்னார்.

நாங்கள் விரும்பினால் அரை மணி நேரத்திலே பசறையை அடைந்திருக்கலாம். எமது வீட்டுக்குச் சக்கரம் இருந்தது. ஆபத்தென்றால் உருட்டிக்கொண்டு போகலாம். மலையிலே பதித்த அந்தக் காம்பராக்களுக்குச் சக்கரம் இல்லை. நான்கு தலைமுறை உழைத்தும் தமதென்று சொல்ல நிலம் இல்லாதவருக்கு, வேறிடம் போ என்னும் அறிவுரை எவ்வாறு காதிலே ஏறும்? ஆர் நதிக்கரையிலே வீட்டை இழந்தவர்க்குக் காப்புறுதியும் அரசும் மீண்டும் ஒரு வீடு கட்டிக்கொள்ளத் துணைநின்றன. நேற்று நாம் தேடிய வேறுபாடு அதுதான்.

அம்மா எம்மைப் பார்த்தார். மைத்துனர் அதற்குள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். இளைஞர்கள் முதியோரையும் நோயாளரையும் முதுகிலே சுமந்து ஸ்டோர் வரை கொண்டு வந்தனர். அங்கிருந்து வண்டி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு சென்றது. நான்கு நடை. மூன்றாம் நடையிலே சில்லு சேற்றிலே சுழன்று, வண்டி கானுப் பக்கமாய்ச் சாய்ந்தது. பத்துப் பேர் தோள் கொடுத்துத் தூக்கி நிறுத்தினர். விடுமுறை உலாவுக்குச் செய்த கட்டிலிலே ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் படுத்து வந்தாள்.

பள்ளிக்கூட மண்டபத்திலே ஐம்பது பேருக்கு மேல் இருந்தோம். எம் மனைவி வண்டியடுப்பிலே பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சினார். பெண்கள் பெரிய பானையிலே சோறும் பருப்பும் ஆக்கினர். ஜேர்மன் மருமகளும் மழைமானிச் சிறுமியும், இருவருக்கும் அரைகுறையாய்த் தெரிந்த ஆங்கிலத்திலே நள்ளிரவு வரை கதைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நாற்பத்தாறு ஆண்டுகளின் பின்னர்த் தம் தோட்டத்துப் பெண்கள் நடுவே பாய் விரித்து உறங்கினார். கூரையிலே மழை இரைந்தது. மண்டபத்திலிருந்த ஆண்களுள் எவரும் உறங்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் தலைகள் மலைப்பக்கம் திரும்பின.

விடிந்தது. மலை சரியவில்லை. லயம் நின்ற இடத்திலேயே நின்றது. ஆறு மணிக்குப் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டார்கள். கூடையை எடுத்துக்கொண்டு பெண்கள் புறப்பட்டார்கள். போகும்போது ஒருவர் எம்மிடம் கூறினார்: "சார், இந்த மாசத்துல இது மூணாவது தடவ. மூணு தடவையும் ஒண்ணும் நடக்கல. நாலாவது தடவை கூப்பிட்டா எத்தன பேரு வருவாங்கன்னு தெரியல."

எச்சரிக்கையைக் கேட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் ஒரு நாளின் கூலியும் ஓர் இரவின் உறக்கமும் போகின்றன. பொருளுக்குக் காவலும் இல்லை. பலமுறை போய் ஒன்றும் நடவாதபோது, அடுத்த முறை கால் தயங்குவது மனித இயல்பு. தயங்கும் அந்த ஒரு முறைதான் மலைக்குத் தேவையானது.

திரும்பும் வழி

லுணுகலை இறக்கத்திலே மழை விட்டது. பிபிலையைத் தாண்டியதும் வெயில் எரித்தது. ஈரப் படங்கை வண்டிமேல் விரித்துக் காயவைத்தபடி வந்தோம். பிள்ளைகள் உறங்கினர். அம்மா மடியிலே ஒரு சிறு பொட்டலம் வைத்திருந்தார். கேட்டபோது, லயத்துப் பெண்மணி தந்த தேயிலைத்தூள் என்றார். பாதி எமக்கு, மறுபாதி, யாரேனும் போகும்போது கோத்தகிரிக்கு. தேயிலை மலைக்குத் தேயிலை அனுப்புவதா என்று மைத்துனர் சிரித்தார். "அது அந்த மல, இது இந்த மல" என்று அம்மா பதில் கூறினார்.

இரண்டு ஆண்டு கழிந்தது. 2025 நவம்பர் இறுதியிலே 'டித்வா' புயல் இலங்கையை ஊடறுத்துச் சென்றது. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலே மண்சரிவு பல ஊர்களை விழுங்கியது. மட்டக்களப்பிலிருந்து நாங்கள் ஓயாது தொலைபேசியிலே அழைத்தோம், விடை இல்லை. கோத்தகிரியிலிருந்து பெரியம்மா மணிக்கொருதரம் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அந்த மாணவியின் குரல் கேட்டது. கடைசி இரண்டு காம்பராக்கள் மண்ணோடு போய்விட்டன, உயிர்ச்சேதம் இல்லை. மழைமானி 100ஐக் கடந்தபோதே அவளும் தந்தையும் வாசல் வாசலாகச் சென்று கதவைத் தட்டியிருக்கின்றனர். முணுமுணுத்தவர்களும் இறுதியிலே வந்துவிட்டனராம். "மாடசாமிக்குப் பின்னால உள்ள எடத்துக்கு ஒண்ணும் ஆகலன்னு பாட்டிகிட்ட சொல்லுங்க" என்றும் சொன்னாள்.

இதனைப் படிக்கும் மாணவர்க்கு ஒரு சொல். மழைமானி விலையுயர்ந்த கருவியன்று. நேரான சுவருடைய கண்ணாடிப் போத்தலும், மில்லிமீற்றர் குறித்த ஓர் அளவுகோலும் இருந்தால் உங்கள் பள்ளிக்கூட முற்றத்திலேயே ஒன்று அமைக்கலாம். காலையிலே ஒரே நேரத்திற் பார்த்து எழுதி வாருங்கள். மலைப்பகுதியில் வாழ்வோராயின் நிலவெடிப்பையும், சாயும் மரத்தையும், இறுகும் கதவையும், கலங்கும் ஊற்றையும் கவனித்துப் பெரியோரிடம் கூறுங்கள். ஒரு மாணவியின் குறிப்பேடு ஒரு லயத்தைக் காத்ததை நாம் அறிவோம்.

குடும்பத்தோடு மலைநாடு செல்லும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். நீர்வீழ்ச்சியையும் பாலத்தையும் பாருங்கள். அவை பார்க்கத் தக்கவையே. அவற்றுக்கு அப்பால், சாலையோரத்து லயத்தின் வாசலிலும் ஒரு நாழிகை நின்று, அங்குள்ளோருக்கு உறுதியான நிலமும் வீடும் எப்போது என்று கேட்டு வாருங்கள். கேட்பவர் தொகை கூடும்போதுதான் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கும் அது கேட்கும். அந்தச் சிறுமி இப்போது உயர்தரத்திலே புவியியல் படிக்கின்றாள். அவளுடைய குடும்பம் இன்னும் பள்ளிக்கூட மண்டபத்திலே இருக்கின்றது.